கணக்கைச் சரிசெய்ய வந்தவர்: போர்த்துக்கலின் சலாசார்

கஜானா காலியான ஒரு நாடு, அரசியல்வாதிகள் மீது முற்றாக நம்பிக்கை இழந்துவிட்ட ஒரு மக்கள் கூட்டம், கணக்குத் தெரிந்த ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் ஓர் உதாரணம் உண்டு. போர்த்துக்கலை 36 ஆண்டுகள் பிரதமராக இருந்து ஆண்ட அன்டோனியோ டி ஒலிவேய்ரா சலாசாரின் வாழ்க்கைதான் அது.

ஹிட்லரைப் போல அவர் மேடையில் முழங்கவில்லை. முசோலினியைப் போல மாடத்தில் நின்று கூட்டத்தை மயக்கவுமில்லை. பிராங்கோவைப் போல உள்நாட்டுப் போரொன்றை வென்று ஆட்சிக்கு வந்தவரும் அல்ல. பொருளாதாரப் பேராசிரியர் என்ற தகுதியோடு நிதி அமைச்சுக்குள் அழைக்கப்பட்டவர். அழைத்தவர்களையும் விஞ்சி, அவர்களது அதிகாரத்தையும் தன் மேசைக்குக் கொண்டுவந்தவர்.

கிராமத்திலிருந்து கொய்ம்பிராவுக்கு

சலாசார் 1889 ஏப்ரல் 28ஆம் திகதி, மத்திய போர்த்துக்கலில் சாந்தா கொம்பா டாவ் நகருக்கு அருகிலுள்ள விமியேய்ரோ என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். தந்தை, நிலவுடைமைக் குடும்பமொன்றின் காணிகளை மேற்பார்வை செய்து வந்தவர். நான்கு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண் பிள்ளை. அன்றைய போர்த்துக்கலில் வசதியற்ற, கெட்டிக்காரப் பையன் ஒருவன் படித்து முன்னேறுவதற்கு இருந்த பிரதான வழி குருமடம். அவரும் 11 வயதில் விசேயு நகரிலுள்ள குருமடத்தில் சேர்ந்து எட்டு ஆண்டுகள் அங்கே படித்தார். ஆனால், குருவாகவில்லை. 1910இல் கொய்ம்பிரா பல்கலைக்கழகத்தின் சட்ட பீடத்தில் சேர்ந்தார்.

அதே ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி போர்த்துக்கலில் முடியாட்சி வீழ்ந்து குடியரசு பிறந்தது. புதிய குடியரசு கத்தோலிக்கத் திருச்சபையுடன் நேரடியாக மோதியது. துறவற சபைகள் வெளியேற்றப்பட்டன, திருச்சபையின் சொத்துக்கள் அரசுடைமையாக்கப்பட்டன. கத்தோலிக்க மாணவர் இயக்கத்தில் ஈடுபட்டிருந்த சலாசாரின் அரசியல் மனம் இந்த மோதலுக்குள்தான் உருவானது. அக்காலத்தில் அவரோடு ஒன்றாகத் தங்கியிருந்த நண்பர் மனுவேல் கொன்சால்வெஸ் செரஜேய்ரா. பின்னாளில் இவர் லிஸ்பனின் கர்தினாலானார். நாட்டின் அரசும் திருச்சபையும் இரண்டு பழைய அறை நண்பர்களின் கைகளில் இருந்த காலம் அப்படித்தான் வந்தது.

சலாசார் 1914இல் மிக உயர்ந்த புள்ளிகளுடன் பட்டம் பெற்றார். தங்கத்துக்கும் தாள் நாணயத்துக்கும் இடையிலான பெறுமதி வேறுபாடு பற்றி ஆய்வு எழுதினார். பொருளாதாரமும் பொது நிதியும் கற்பிக்கும் ஆசிரியரானார். 1919இல் முடியாட்சிக்கு ஆதரவாகப் பிரசாரம் செய்தார் என்ற குற்றச்சாட்டில் வேறு சில பேராசிரியர்களோடு பதவி இடைநிறுத்தப்பட்டு, விசாரணையின் பின் விடுவிக்கப்பட்டார். 1921இல் கத்தோலிக்க மையக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். ஆனால் அங்கே நிலைக்கவில்லை. மிகக் குறுகிய காலத்திலேயே கொய்ம்பிராவுக்குத் திரும்பிவிட்டார். நாடாளுமன்றத்தின் மீதான வெறுப்பு அவரிடம் இறுதிவரை மாறவில்லை.

நொறுங்கிப்போன குடியரசு

அந்த வெறுப்பைப் புரிந்துகொள்ள முதலாவது குடியரசின் கதையையும் பார்க்க வேண்டும். 1910 முதல் 1926 வரையான 16 ஆண்டுகளில் போர்த்துக்கலில் நாற்பதுக்கும் மேற்பட்ட அரசாங்கங்கள் வந்து போயின. முதலாம் உலகப் போரில் 1916இல் நாடு இறங்கியது. அதன் செலவை ஈடுசெய்ய நாணயத்தாள்கள் அச்சிடப்பட்டன. போருக்கு முன்னர் சுமார் ஐந்து எஸ்குடோவாக இருந்த பிரித்தானிய பவுணின் விலை 1924இல் நூறு எஸ்குடோவைத் தாண்டியது. மாதச் சம்பளத்தை நம்பியிருந்தவர்கள், ஓய்வூதியக்காரர்கள், சிறு சேமிப்பாளர்கள் ஆகியோரின் வாழ்க்கை கரைந்துபோனது.

போதாக்குறைக்கு 1925இல் அல்வெஸ் டொஸ் ரெய்ஸ் என்ற மோசடிக்காரரின் விவகாரம் வெடித்தது. போர்த்துக்கல் வங்கியின் பெயரில் போலி ஆவணங்களைத் தயாரித்து, அந்த வங்கிக்கு உண்மையிலேயே நாணயத்தாள் அச்சிட்டு வந்த லண்டன் நிறுவனத்திடமே 500 எஸ்குடோ தாள்களை அச்சிட வைத்தார் அவர். அச்சிட்ட இடம் ஒன்றே என்பதால் போலியை அசலிலிருந்து பிரித்தறிவதே கடினமாக இருந்தது. அரசு மீது மக்களிடம் எஞ்சியிருந்த நம்பிக்கையும் போனது.

1926 மே 28ஆம் திகதி பிராகா நகரிலிருந்து ஜெனரல் கோமஸ் ட கொஸ்டாவின் தலைமையில் இராணுவம் கிளர்ந்தெழுந்தபோது குடியரசைக் காக்க யாரும் பெரிதாக முன்வரவில்லை. ஆனால் ஆட்சியைப் பிடித்த அதிகாரிகளுக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கொய்ம்பிரா பேராசிரியரை நிதி அமைச்சராக அழைத்தார்கள். வந்தவர், தேவையான அதிகாரம் தரப்படமாட்டாது என்று கண்டதும் சில நாட்களிலேயே கொய்ம்பிராவுக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் நிலைமை மேலும் மோசமானது. இராணுவ அரசு சர்வதேச சங்கத்தின் உதவியோடு பெருந்தொகைக் கடன் பெற முயன்றது. கடன் வேண்டுமென்றால் நாட்டின் நிதி நிர்வாகத்தைத் தமது கண்காணிப்பாளர்கள் மேற்பார்வை செய்ய வேண்டுமென்று சங்கம் நிபந்தனை விதித்தது. அந்நியர் வந்து கணக்குப் பார்ப்பதா என்று நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. அரசு கடனைக் கைவிட்டது. இக்காலத்தில் சலாசார் கத்தோலிக்கப் பத்திரிகையொன்றில் நிதி அமைச்சரின் கொள்கைகளை விமர்சித்துத் தொடர்ச்சியாக எழுதிக்கொண்டிருந்தார். வெளியார் கடன் இல்லாமலே நாட்டைச் சரிசெய்ய முடியும் என்பது அவரது நிலைப்பாடு. கடைசியில் இராணுவத்துக்கு வேறு வழியிருக்கவில்லை.

நான்கு நிபந்தனைகள்

1928 ஏப்ரல் 27ஆம் திகதி, 39ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், சலாசார் நிதி அமைச்சராகப் பதவியேற்றார். இம்முறை அவர் நிபந்தனைகளோடு வந்தார். ஒவ்வோர் அமைச்சும் நிதி அமைச்சு ஒதுக்கும் தொகைக்குள்ளேயே செலவு செய்ய வேண்டும். வரவையோ செலவையோ பாதிக்கும் எந்த நடவடிக்கையையும் நிதி அமைச்சோடு கலந்தே எடுக்க வேண்டும். செலவை அதிகரிக்கும் எந்த யோசனையையும் தடுக்கும் உரிமை நிதி அமைச்சுக்கு வேண்டும். செலவுக் குறைப்பிலும் வரி சேகரிப்பிலும் எல்லா அமைச்சுகளும் நிதி அமைச்சோடு ஒத்துழைக்க வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை வெறும் நிர்வாக விதிகள். ஆழமாகப் பார்த்தால், பணம் எங்கே போக வேண்டுமென்று முடிவு செய்பவரே நாட்டை ஆள்பவர். இராணுவ அதிகாரிகள் அன்று ஒப்புக்கொண்டது வெறும் வரவு செலவுத் திட்டத்தையல்ல, அரசாங்கம் முழுவதையும்தான்.

வரிகளை உயர்த்தினார், செலவுகளை வெட்டினார். 1928-29 நிதியாண்டு உபரியோடு முடிந்தது. கணக்கு எழுதும் முறை மாற்றப்பட்டதும் உபரிக்கு உதவியது என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் பற்றாக்குறைக்கே பழகிப்போயிருந்த மக்களுக்கு அது அற்புதமாகத் தெரிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளிலும் வரவு செலவு சமநிலையில் இருந்தது. எஸ்குடோ உறுதிப்பட்டது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் பெரிய நாடுகளே தடுமாறியபோது போர்த்துக்கல் ஒப்பீட்டளவில் குறைந்த பாதிப்போடு தப்பியது. இந்தச் சாதனையைச் சிறியதென்று சொல்ல முடியாது. அவரது எதிரிகளும் அதை மறுக்கச் சிரமப்பட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த உபரி அவருக்கு ஒரு பொருளாதார முடிவாக மட்டும் இருக்கவில்லை, ஆட்சி செய்வதற்கான உரிமைப் பத்திரமாகவும் ஆனது. நிதியை ஒழுங்குபடுத்தியவர் நாட்டையும் ஒழுங்குபடுத்தட்டும் என்ற வாதம் இயல்பாகவே எழுந்தது. 1932 ஜூலை 5ஆம் திகதி சலாசார் பிரதமரானார்.

புதிய அரசு

1933இல் புதிய அரசியலமைப்பு வந்தது. அதற்கான பொதுசன வாக்கெடுப்பில் வாக்களிக்க வராதவர்களின் வாக்குகளும் ஆதரவு வாக்குகளாகக் கணக்கிடப்பட்டன. கூட்டல் கழித்தலில் இவ்வளவு கறாரான ஒருவரின் ஆட்சி இப்படியொரு கணக்கோடு தொடங்கியது.

'புதிய அரசு' என்று பெயரிடப்பட்ட அந்த ஆட்சியில் தேசிய ஒன்றியம் என்ற ஒரேயோர் அமைப்புக்குத்தான் இடமிருந்தது. சுதந்திரத் தொழிற்சங்கங்கள் கலைக்கப்பட்டு, அரசின் கட்டுப்பாட்டிலுள்ள தேசிய சங்கங்களாக மாற்றப்பட்டன. வேலைநிறுத்தம் குற்றமானது. பத்திரிகைகள் அச்சாவதற்கு முன் தணிக்கை அதிகாரியின் மேசைக்குப் போக வேண்டியிருந்தது. 1933இலேயே அரசியல் பொலிஸ் படை உருவாக்கப்பட்டது. 1945இல் பீடே என்று பெயர் மாறிய அந்தப் படைக்கு நாடெங்கும் தகவல் சொல்வோர் இருந்தார்கள். ஒருவர் தேநீர்க் கடையில் பேசுவதற்கு முன் பக்கத்து மேசையைப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தது.

1936இல் கேப் வேர்டே தீவில் தராபால் சிறைமுகாம் திறக்கப்பட்டது. அங்கே தூக்குமேடை இருக்கவில்லை. வெயிலும் மலேரியாவும் மருந்தில்லாத நோயும் போதுமாயிருந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் அங்கே இறந்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பென்டோ கொன்சால்வெஸ் அவர்களுள் ஒருவர்.

1937இல் பூசைக்குச் செல்லும் வழியில் சலாசார் மீது குண்டுத் தாக்குதல் நடந்தது. காயமின்றித் தப்பினார். இதற்கிடையே போர், வெளிவிவகார அமைச்சுகளையும் தானே எடுத்துக்கொண்டார். நிதி அமைச்சை 1940 வரை விடவில்லை.

தனிப்பட்ட வாழ்க்கையில் அவர் எளிமையானவர். திருமணம் செய்யவில்லை. மரியா டி ஜேசுஸ் என்ற வீட்டுப் பொறுப்பாளரே குடும்பத்தைக் கவனித்தார். பிரதமரின் உத்தியோகபூர்வ வாசஸ்தலத் தோட்டத்தில் அந்த அம்மையார் கோழி வளர்த்தார். சலாசார் பொதுப் பணத்தை எடுத்துத் தன்னை வளப்படுத்திக்கொண்டார் என்று எவரும் நிறுவவில்லை. ஊழல் செய்யாத ஆட்சியாளர் என்ற இந்தப் பிம்பம்தான் அவரது ஆட்சிக்கு மிகப் பெரிய காவலாக இருந்தது. ஆனால் அவர் எடுத்துக்கொள்ளாத பணத்தைவிட, கொடுக்க மறுத்த உரிமைகளின் கணக்கு பெரியது.

போரின் நடுவே

இரண்டாம் உலகப் போரில் போர்த்துக்கலை நடுநிலையில் வைத்திருந்தது சலாசாரின் இராஜதந்திர வெற்றியாகவே இன்றும் கருதப்படுகிறது. கவசத் தகடுகளைத் துளைக்கும் ஆயுதங்களுக்குத் தேவையான வொல்ப்ராம் தாது போர்த்துக்கலின் மலைகளில் இருந்தது. அதை இரு தரப்புக்கும் விற்றார். ஜேர்மனியிடமிருந்து தங்கம் வந்தது. 1943இல், 1373ஆம் ஆண்டிலிருந்து வரும் பழைய நட்புறவு உடன்படிக்கையைக் காரணம் காட்டி அசோரஸ் தீவுகளில் பிரித்தானியாவுக்குத் தளம் கொடுத்தார். 1944 ஜூனில், நேச நாடுகளின் அழுத்தத்தால் வொல்ப்ராம் விற்பனையை நிறுத்தினார்.

அதே காலத்தில் நடந்த இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். பிரான்சின் போர்தோ நகரில் போர்த்துக்கலின் துணைத்தூதராக இருந்தவர் அரிஸ்டிடெஸ் டி சூசா மென்டெஸ். 1940 ஜூனில் ஜேர்மன் படைகள் முன்னேறி வர, யூதர்கள் உள்ளிட்ட அகதிகள் அவரது அலுவலகத்தைச் சூழ்ந்தார்கள். முன் அனுமதியின்றி இத்தகையவர்களுக்கு விசா கொடுக்கக் கூடாது என்பது லிஸ்பனின் உத்தரவு. அவர் அந்த உத்தரவை மீறி ஆயிரக்கணக்கானோருக்கு விசா கொடுத்தார். அவர்கள் ஸ்பெயின் ஊடாக லிஸ்பனை அடைந்து உயிர் தப்பினார்கள். அகதிகளுக்குக் கதவு திறந்த நாடு என்ற பெயர் போர்த்துக்கலுக்குக் கிடைத்தது. கதவைத் திறந்தவருக்கோ ஒழுக்காற்று விசாரணை கிடைத்தது. பதவியை இழந்து, 1954இல் லிஸ்பனில் வறுமையில் இறந்தார். உத்தரவை மீறியவரை வெளிவிவகார அமைச்சரான சலாசார் மன்னிக்கவேயில்லை.

கையிருப்பில் தங்கம், பள்ளியில் மூன்று வகுப்பு

போர் முடிந்தபோது போர்த்துக்கல் வங்கியிடம் தங்கம் குவிந்திருந்தது. நாட்டு மக்களிடம் என்ன இருந்தது?

சலாசாரின் பொருளாதாரப் பார்வையில் கடன் ஆபத்தானது, வேகமான வளர்ச்சியும் ஆபத்தானது. 1931 முதல் புதிய தொழிற்சாலை அமைக்கவோ பழையதை விரிவாக்கவோ அரசின் அனுமதி தேவைப்பட்டது. ஏற்கனவே இருந்த சில பெரும் குடும்பங்களின் நிறுவனங்கள் போட்டியின்றி வளர்ந்தன. மார்ஷல் திட்ட உதவியையும் அவர் முதலில் வேண்டாமென்றார். பின்னர் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோதுதான் ஏற்றுக்கொண்டார்.

கல்வியிலும் இதே சிக்கனம்தான். 1930இல் போர்த்துக்கல் மக்களில் பத்தில் ஆறு பேருக்கு எழுத்தறிவு இல்லை. அந்த நிலையில் கட்டாயக் கல்வி மூன்று ஆண்டுகளாகச் சுருக்கப்பட்டது. அது நான்கு ஆண்டுகளாக உயர்வதற்கு ஆண் பிள்ளைகள் 1956 வரையும் பெண் பிள்ளைகள் 1960 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1970இலும் சுமார் நான்கில் ஒருவர் எழுத வாசிக்கத் தெரியாதவராக இருந்தார். உழுபவன் உழட்டும், ஊர் ஊராகவே இருக்கட்டும் என்று நினைத்த ஆட்சிக்கு இது தோல்வியாகத் தெரியவில்லை.

1960களில் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது உண்மைதான். 1960இல் ஐரோப்பிய சுதந்திர வர்த்தகச் சங்கத்தின் ஆரம்ப உறுப்பு நாடுகளில் ஒன்றாகப் போர்த்துக்கல் சேர்ந்தது. தொழிற்சாலைகள் எழுந்தன. ஆனாலும் மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். பலர் கடவுச்சீட்டு இல்லாமல், ஆட்கடத்துவோருக்குப் பணம் கொடுத்து, மலைகளைக் கடந்து பிரான்சுக்குப் போனார்கள். பாரிஸ் புறநகரின் சேற்றுக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். 1970ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகை 1960இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. அவர்கள் அங்கிருந்து அனுப்பிய பணம் அந்நியச் செலாவணியாக வந்து சேர்ந்தது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் உழைப்பே வீட்டின் கணக்கைச் சமநிலையில் வைத்திருக்க உதவியது.

இழக்க மறுத்த பேரரசு

சலாசார் அங்கோலாவுக்கோ மொசாம்பிக்குக்கோ கோவாவுக்கோ ஒருபோதும் போனதில்லை. ஆனால் அவை போர்த்துக்கலின் உடலின் பகுதிகள் என்பதில் அவருக்குச் சந்தேகமிருக்கவில்லை. 1930இல் குடியேற்ற நாடுகளுக்கான சட்டத்தை உருவாக்கியவர் அவரே. உலகம் காலனித்துவத்துக்கு எதிராகத் திரும்பியபோது, 1951இல் 'குடியேற்ற நாடுகள்' என்ற பெயரை மாற்றி 'கடல்கடந்த மாகாணங்கள்' என்றாக்கினார். பெயர்தான் மாறியது. 1950இல் அங்கோலாவின் கறுப்பின மக்களில் குடியுரிமைக்குத் தகுதி பெற்றவர்கள் ஒரு வீதத்துக்கும் குறைவு. ஏனையோர் 'சுதேசிகள்' என்ற தனிச் சட்டத்தின் கீழ், கட்டாய உழைப்புக்கும் கட்டாயப் பருத்திச் செய்கைக்கும் உட்பட்டிருந்தார்கள்.

1955 டிசம்பர் 14ஆம் திகதி 16 நாடுகள் ஒன்றாக ஐக்கிய நாடுகள் சபையில் அனுமதிக்கப்பட்டன. போர்த்துக்கலும் இலங்கையும் அதே நாளில் உள்ளே போனவை. ஒன்று காலனித்துவத்திலிருந்து வெளியே வந்த நாடு, மற்றது காலனித்துவத்தைக் கைவிட மறுத்த நாடு.

1961 சலாசாருக்கு மிகக் கொடிய ஆண்டு. ஜனவரியில் சாந்தா மரியா என்ற பயணிகள் கப்பலை அவரது எதிரிகள் கடத்தினார்கள். அங்கோலாவில் பருத்தி விவசாயிகள் கிளர்ந்தார்கள். பெப்ரவரியில் லுவாண்டாவிலும் மார்ச்சில் நாட்டின் வடக்கிலும் வன்முறை வெடித்தது. இரு தரப்பிலும் படுகொலைகள் நடந்தன. ஏப்ரலில் அவரது பாதுகாப்பு அமைச்சரே அவரை அகற்ற முயன்று தோற்றார். டிசம்பரில் இந்தியப் படைகள் கோவாவுக்குள் நுழைந்தன.

கடைசி மனிதன் வரை போரிட வேண்டும், சரணடையக் கூடாது என்பது கோவாவுக்குப் போன கட்டளை. சில ஆயிரம் படையினரோடும் பழைய ஆயுதங்களோடும் இருந்த ஆளுநர் வசாலோ இ சில்வா அந்தக் கட்டளையை ஏற்கவில்லை. இரண்டு நாட்களுக்குள் சரணடைந்து தன் படையினரின் உயிரைக் காப்பாற்றினார். நாடு திரும்பியவருக்கு இராணுவத்திலிருந்து வெளியேற்றமே பரிசாகக் கிடைத்தது. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் போர்த்துக்கலுக்கு ஆதரவான தீர்மானம் வந்தபோது, அப்போது சபை உறுப்பினராக இருந்த இலங்கை அதை எதிர்த்து வாக்களித்தது.

கினியில் 1963இலும் மொசாம்பிக்கில் 1964இலும் போர் தொடங்கியது. பத்து மில்லியனுக்கும் குறைவான மக்களைக் கொண்ட ஒரு வறிய நாடு மூன்று ஆபிரிக்கப் போர்முனைகளில் 1974 வரை போரிட்டது. போர்த்துக்கல் தரப்பில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் உயிரிழந்தார்கள். இறந்த ஆபிரிக்கர்களின் தொகை அதைவிடப் பல மடங்கு. அரச செலவில் பெரும்பங்கைப் போர் விழுங்கியது. ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் கேட்டு ஆட்சிக்கு வந்தவர், வெல்ல முடியாத ஒரு போருக்குக் கணக்கில்லாமல் கொட்டினார். அந்தச் செலவைக் கேள்வி கேட்க நாடாளுமன்றமோ பத்திரிகையோ நாட்டில் இருக்கவில்லை. அவற்றை மூடியவர் அவரே.

அஞ்சாத ஜெனரல்

ஆட்சியை உள்ளிருந்து உலுக்கியவர் விமானப்படை ஜெனரல் ஹம்பேர்டோ டெல்காடோ. ஒரு காலத்தில் ஆட்சியின் தீவிர ஆதரவாளர். 1958 ஜனாதிபதித் தேர்தலில் எதிரணி வேட்பாளராக நின்றார். வென்றால் சலாசாரைப் பதவி நீக்குவேன் என்று வெளிப்படையாக அறிவித்தார். அப்படியொரு பேச்சை மக்கள் முப்பது ஆண்டுகளாகக் கேட்டதில்லை. போர்ட்டோ நகரின் வீதிகள் நிறைந்தன. அதிகாரபூர்வ முடிவில் அவருக்குச் சுமார் நான்கில் ஒரு பங்கு வாக்குகளே கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. அந்த எண்ணிக்கையை நம்பியவர்கள் குறைவு. அடுத்த ஆண்டே ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் முறை நீக்கப்பட்டது.

அதே ஆண்டு போர்ட்டோவின் ஆயர் அன்டோனியோ பெரேய்ரா கோமெஸ், மக்களின் வறுமையையும் உரிமை மறுப்பையும் சுட்டிக்காட்டிச் சலாசாருக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். தன்னைத் திருச்சபையின் காவலனாகக் காட்டிக்கொண்ட ஆட்சி, அந்த ஆயரைப் பத்து ஆண்டுகள் நாட்டுக்குள் வரவிடவில்லை. டெல்காடோ நாட்டை விட்டு வெளியேறினார். 1965 பெப்ரவரியில் ஸ்பெயின் எல்லைக்கு அருகே பொறிவைத்து வரவழைக்கப்பட்டு, தனது செயலாளரோடு பீடே ஆட்களால் கொல்லப்பட்டார்.

இல்லாத பதவியில் இரண்டு ஆண்டுகள்

1968 ஆகஸ்டில், எஸ்தோரில் கடற்கரைக் கோட்டையொன்றில் கோடை விடுமுறையில் இருந்தபோது சலாசார் நாற்காலியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். விடயம் வெளியே சொல்லப்படவில்லை. செப்டெம்பரில் மூளையில் சத்திர சிகிச்சை செய்யப்பட்டது. தொடர்ந்து வந்த பக்கவாதம் அவரை முடக்கியது. செப்டெம்பர் 27ஆம் திகதி ஜனாதிபதி அமெரிக்கோ தோமாஸ், சட்டப் பேராசிரியரான மார்செலோ கயித்தானோவைப் பிரதமராக நியமித்தார்.

ஆனால் சலாசார் உயிர் பிழைத்தார். பதவி போய்விட்டது என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. அதே வாசஸ்தலத்தில் தொடர்ந்து வாழ்ந்தார். முன்னாள் சகாக்கள் வந்து பார்த்துப் போனார்கள். தானே இன்னும் பிரதமர் என்ற எண்ணத்தோடு பேசினார். நாட்டு மக்களிடம் உண்மையை மறைத்துப் பழகிய ஆட்சி, கடைசியில் அதே முறையைத் தன் தலைவரிடமும் கையாண்டது. 1970 ஜூலை 27ஆம் திகதி, 81ஆவது வயதில் இறந்தார். பிறந்த கிராமத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கட்டிய ஆட்சி மேலும் நான்கு ஆண்டுகள்தான் தாங்கியது. ஆபிரிக்கப் போர்களில் களைத்துப்போன இளம் இராணுவ அதிகாரிகள் 1974 ஏப்ரல் 25ஆம் திகதி லிஸ்பனில் இறங்கினார்கள். மக்கள் அவர்களது துப்பாக்கிக் குழல்களில் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. அப்போது போர்த்துக்கல் வங்கியின் பெட்டகங்களில் 800 தொன்னுக்கும் அதிகமான தங்கம் இருந்தது. மேற்கு ஐரோப்பாவின் மிக வறிய நாடுகளில் ஒன்றாகவும் போர்த்துக்கலே இருந்தது.

தீராத வழக்கு

2007இல் போர்த்துக்கல் தொலைக்காட்சியொன்று, நாட்டின் வரலாற்றில் மிகப் பெரிய மனிதர் யார் என்று நேயர்களிடம் வாக்குக் கேட்டது. 41 வீத வாக்குகளோடு சலாசார் முதலிடம் பெற்றார். இரண்டாமிடம், அவரது சிறையில் நீண்ட காலம் இருந்து தப்பிய கம்யூனிஸ்ட் தலைவர் அல்வாரோ குன்ஹாலுக்கு. மூன்றாமிடம், அவரால் தண்டிக்கப்பட்ட துணைத்தூதர் சூசா மென்டெஸுக்கு. அது அறிவியல் முறையில் நடந்த கருத்துக்கணிப்பு அல்ல. ஆனாலும், விலைவாசி ஏறும்போதும் அரசியல்வாதிகள் ஊழலில் சிக்கும்போதும் நேர்மையான ஒரு கணக்காளரைத் தேடும் மனம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அது காட்டியது.

அந்த மனதைப் பழிப்பதில் பயனில்லை. 1928இல் போர்த்துக்கல் மக்கள் அனுபவித்த அவதி உண்மையானது, சலாசார் அதற்குத் தந்த மருந்தும் வேலை செய்தது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. நிதியைச் சரிசெய்யத் திறமை தேவை என்பது சரி. ஆனால் அந்தத் திறமைக்கு விலையாக வாக்குரிமையையும் பத்திரிகையையும் தொழிற்சங்கத்தையும் ஏன் கொடுக்க வேண்டும்? அவற்றைக் கொடுத்த பிறகு, அதே திறமைசாலி தவறு செய்யத் தொடங்கும்போது அவரைத் தடுப்பது யார்? கோவாவிலும் அங்கோலாவிலும் அந்தத் தவறுகளுக்கான விலையை வேறு பலர்தான் செலுத்தினார்கள்.

ஜனநாயகத்துக்குப் போர்த்துக்கல் மக்கள் தயாரில்லை என்பது சலாசாரின் உறுதியான நம்பிக்கை. அவர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குள், 1975 ஏப்ரல் 25ஆம் திகதி, அரசியலமைப்புச் சபைக்கான முதலாவது சுதந்திரத் தேர்தல் நடந்தது. எழுத்தறிவற்றவர்களுக்கும் பெண்கள் அனைவருக்கும் வாக்கு இருந்தது. பதிவு செய்யப்பட்ட வாக்காளர்களில் 91 வீதத்துக்கும் அதிகமானோர் சாவடிகளுக்குச் சென்றார்கள். இம்முறை வராதவர்களின் வாக்குகள் எந்தப் பக்கமும் சேர்த்து எண்ணப்படவில்லை.